தம்பிக்கு வயது 29

கிள்ளான் வட்டாரத்தில் ஓர் அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இனிப்புநீருக்கு அட்டை போட வந்தவர்கள் பெரும்பாலும் என் அம்மாவின் வயதுக்காரர்கள். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். இப்போது என்னைவிடச் சின்னவர்கள் வருகிறார்கள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கும். உட்காரும் முன்பே, "சிஸ்டர், எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்பார்கள்.

இது என் கண் பார்த்த கணக்கு. நாட்டுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. சுகாதார அமைச்சு 1986இலிருந்து தேசிய சுகாதார ஆய்வு ஒன்றை நடத்திவருகிறது. வீடுவீடாகப் போய் எடை, உயரம் பார்ப்பார்கள், கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் அளப்பார்கள், விரல் நுனியில் ஒரு குத்து. தொடக்கத்தில் பத்தாண்டுக்கு ஒரு முறை நடந்தது. 2011க்குப் பிறகு இந்த நோய்களை நான்காண்டுக்கு ஒரு முறை அளக்கிறார்கள்.

1996இல் நம் நாட்டுப் பெரியவர்களில் உடல் பருமன் உள்ளவர்கள் 4.4 விழுக்காடு. 2011இல் 15.1. 2019இல் 19.7. 2023இல் 21.8. ஒரு முறைகூட இறங்கவில்லை. அதிக எடை உள்ளவர்களையும் சேர்த்தால் 2023இல் பாதிக்கு மேல், 54.4 விழுக்காடு. இதுவும் உலக அளவுகோலின்படி, குறியீட்டு எண் 30ஐத் தொட்டவர்களை மட்டும் பருமன் என்று எண்ணியது. நம் மருத்துவர்களின் வழிகாட்டி ஆசியர்களுக்கு 27.5ஐயே எல்லையாக வைக்கிறது. அந்தக் கோலால் அளந்தால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

இரத்தக் கொதிப்பு வேறு மாதிரி. 2011இல் 32.7, 2023இல் 29.2. மெல்ல இறங்குகிறது என்று சொல்லலாம். ஆனாலும் பத்துப் பேரில் மூன்று பேர் என்பது மாறவில்லை.

இனிப்புநீர்தான் என்னை யோசிக்க வைத்தது. 2011இல் 11.2 விழுக்காடு, 2015இல் 13.4, 2019இல் 18.3. பிறகு 2023இல் 15.6. (பழைய அறிக்கைகளைப் புரட்டுகிறவர்கள் 2011க்கும் 2015க்கும் இதைவிடப் பெரிய எண்களைக் காண்பார்கள். அப்போது இனிப்பின் எல்லை குறைவாக இருந்தது, பின்னர் 7.0 என்ற எல்லையில் மறுபடி கணக்கிட்டார்கள்.) 15.6 என்று செய்தி வந்த அன்று எங்கள் ஓய்வறையில் எல்லாருக்கும் ஒரு சந்தோஷம். எனக்கும்தான். அப்புறம் அறிக்கையை விரித்துப் பார்த்தேன். தமக்கு நோய் இருப்பதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் 2019இல் 9.4 விழுக்காடு, 2023இல் 9.7. அதாவது எங்கள் வரிசை குறையவில்லை. குறைந்ததெல்லாம் தெரியாமல் இருப்பவர்களின் பங்கு, 8.9 விழுக்காடு 5.9 ஆகியிருக்கிறது. எடை ஏறிக்கொண்டே இருக்கும்போது இந்த இறக்கம் நிலைக்குமா என்பதை அடுத்த ஆய்வு வந்த பிறகே நம்புவேன்.

இந்தியர்கள் என்று தனியே பார்த்தால், 2019இல் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் கிட்டத்தட்ட ஒருவர். இதைச் சொன்னால் உடனே, "நம்ம ரத்தத்துலயே இருக்கு" என்பார்கள். உண்மைதான், கொஞ்சம். தெற்காசிய உடம்பில் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே இனிப்பு ஏறும். ஆனால் என் பாட்டிக்கும் அதே இரத்தம்தானே? விடியும் முன் எழுந்து பால்மரம் வெட்டப் போனவர். நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றிவந்து, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமும் நடந்தவர். தேநீரில் டின் பாலைத் தாராளமாக ஊற்றிக் குடிப்பார், சீனியும் போடுவார். கடைசி வரை எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார். தோட்டத்தை விற்று வீடமைப்புத் திட்டமாக்கினார்கள். நாங்கள் அடுக்குமாடிக்கு வந்தோம். வேலை போனது, நடை போனது. டின் பால் மட்டும் எங்களோடு வந்தது. இரத்தம் நாற்பது ஆண்டில் மாறாது. மற்றதெல்லாம் மாறிவிட்டது.

சீனி பானங்களுக்கு வரி போட்டது நல்ல காரியம். 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென். 2025 தொடக்கத்தில் 90 சென் ஆனது. அது போத்தலிலும் டின்னிலும் வருவதற்குத்தான். கடையில் கலக்கித் தரும் தே தாரிக்கை எந்த வரியும் தொடாது.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சைபர்ஜெயாவில் கணினி வேலை, பாதி நாள் இரவு நேரம். உயரம் 170 செ.மீ., எடை 71 கிலோ. பார்ப்பவர்கள் யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். சட்டைக்குள் வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. இடுப்பை அளந்தேன், 94 செ.மீ. நம் ஆண்களுக்கு 90ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்பது எங்கள் கிளினிக் பாடம். 2023 ஆய்வில் எனக்கு மறக்காத எண் ஒன்று உண்டு: 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில், இனிப்புநீர் இருப்பவர்களில் 84 விழுக்காட்டினருக்கு அது இருப்பதே தெரியவில்லை. இந்த எண்ணைச் சொல்லித்தான் அவனை உட்காரவைத்தேன்.

"நான் என்னா கெழவனாக்கா?" என்றான்.

"இல்லதான்லா, அதான் பாக்குறேன்" என்றேன்.

காலையில் வெறும் வயிற்றில் 9.2. வீட்டு மீட்டரின் ஒரு குத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆகவே கிளினிக்கில் நரம்பிலிருந்து இரத்தம் எடுத்தோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 7.9 வந்தது, 6.3க்கு மேல் போனால் நோய். டாக்டர் மெட்ஃபோர்மின் எழுதினார். தம்பி காரில் ஏறும் வரை ஒன்றும் பேசவில்லை. ஏறிய பிறகு, "அவங்க வீட்ல என்னா சொல்றது?" என்று கேட்டான். வருகிற தை மாதம் அவனுக்குக் கல்யாணம்.

அம்மாவுக்கு இந்தக் கேள்வியே இல்லை. "யாருக்கும் மூச்சு விடாதீங்க. கல்யாணம் முடியட்டும்" என்றார். மாத்திரைப் பொட்டலத்தைத் தம்பியின் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் துண்டுக்கு அடியில் வைத்துவிட்டார். அம்மாமீது கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. இரத்தக் கொதிப்பு என்ற ஒரே காரணத்துக்காக என் சின்னம்மாவுக்கு வந்த வரன் திரும்பிப் போனதைப் பார்த்தவர் அவர்.

ஆனால் ஒளித்துவைத்த மருந்து எப்படி வேலை செய்யும் என்பதை நான் தினமும் பார்க்கிறேன். மாமியாருக்குத் தெரியக்கூடாதென்று இன்சுலினை அலுவலகக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார் ஒரு பெண். சனியும் ஞாயிறும் அவருக்கு ஊசி கிடையாது. கல்யாண வீட்டில் மாத்திரையை விட்டுவிட்டு லட்டை எடுத்துக்கொண்டார் இன்னொருவர். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம். வயதானவர்களுக்கு இந்தச் சங்கடம் குறைவு. இளையவர்கள்தான் நோயை ஒரு குற்றம்போல மறைக்கிறார்கள். முப்பதில் தொடங்குகிற நோய் அறுபதில் தொடங்குவதைவிட முப்பது ஆண்டுகள் கூடுதலாக உடம்புக்குள் இருக்கும். கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் அந்த ஆண்டுகள்தான் கணக்கு. இதைத் தம்பியிடம் ஒரு முறைதான் சொன்னேன். பயமுறுத்தினால் கிளினிக் பக்கமே வராமல் போய்விடுவார்கள் என்பது என் அனுபவம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவனே அந்தப் பெண்ணைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போய்ச் சொல்லிவிட்டான். அவள் அழவில்லை, எழுந்தும் போகவில்லை. "எத்தனை?" என்று கேட்டாளாம். 7.9 என்றதும், "எங்கப்பாவுக்கு 10க்கு மேல. எங்கம்மா யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாளாம். மறுநாள் அவளும் மருந்தகத்தில் விரலைக் குத்திப் பார்த்துக்கொண்டாள், 5.1 என்று எனக்குப் படம் அனுப்பினாள்.

மூன்று மாதம் கழித்து தம்பிக்கு 6.8. எடை நான்கு கிலோ இறங்கியிருக்கிறது. இரவு வேலையில் இப்போது தே ஓ கோசோங்தான், வாய் நிறைய முணுமுணுப்போடு. இரு வீட்டுப் பெரியவர்களும் மட்டும் இன்னமும் ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டிருக்கிறார்கள். அலமாரியில் துண்டு அப்படியேதான் இருக்கிறது. அம்மா இந்த இதழைத் தவறாமல் வாசிப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு எப்படியும் அழைப்பு வரும்.