மாயர் மண்ணில் ஒரு மணவிழா

பிள்ளை டெக்ஸாஸ்காரன், பெண் கனடாக்காரி. இருவருக்கும் மாயர் இனத்தோடு எந்த ஒட்டும் உறவும் கிடையாது. ஆனால் கல்யாணம் மட்டும் மெக்ஸிகோவில், டுலும் கடற்கரையில், மாயர் முறைப்படி! 'இதென்ன கூத்து!' என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அப்படித்தான் கேட்டேன்.

மாப்பிள்ளை என் மகனுடைய ஆபீஸ் சிநேகிதன். அழைப்பு வந்த சமயம் நான் மகன் வீட்டில் இருந்தேன். "அம்மா, நீயும் வாயேன். இந்த மாதிரி கல்யாணம் நீ பார்த்தே இருக்க மாட்டே" என்றான். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா வேண்டியதில்லையாம். அப்புறம் என்ன, கிளம்பிவிட்டேன்.

விமானம் இறங்கிய இடம் கான்கூன். இன்று வானளாவிய ஹோட்டல்களாக நிற்கும் இந்த ஊர், 1970-க்கு முன்னால் மீன்பிடிப்பவர்கள் சிலர் மட்டுமே இருந்த மணல் திட்டு. அரசாங்கம் திட்டம் போட்டுக் கட்டிய சுற்றுலா நகரம் இது. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 2 மணி நேரம் காரில் போனால் டுலும். கடலைப் பார்த்த குன்றின் மேல் மாயர்களின் பழைய கோட்டை மதில்களும் கோயில்களும் நிற்கின்றன. ஸ்பானியர்கள் வந்தபோது ஜனங்கள் வாழ்ந்துகொண்டிருந்த ஊர் இது.

யூகடான் என்ற இந்தத் தீபகற்பம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. வட பகுதியில் தரைமேல் ஓடும் ஆறே கிடையாது. மழை பெய்ததும் தண்ணீர் பாறைக்குள் இறங்கி, பூமிக்கு அடியிலேயே ஓடுகிறது. பாறைக் கூரை இடிந்து விழும் இடத்தில் கண்ணாடி போன்ற நீருடன் ஒரு குளம் திறக்கிறது. இதற்கு 'செனோட்டே' என்று பெயர். மாயர்களுக்கு இதுதான் குடிநீர், இதுதான் மழைத் தெய்வத்தின் வாசல். வெளியூர் ஜோடிகளில் பலர் இதன் கரையிலும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். நம் மணமக்கள் தேர்ந்தெடுத்தது கடற்கரை.

நாலு திசை, நாலு நிறம்

மணவறை என்று தனியாக ஒன்றும் இல்லை. மணலில் பூவிதழ்களாலும் தானியங்களாலும் பெரிய வட்டமாகக் கோலம் போட்டிருந்தார்கள். கிழக்கே சிவப்பு, வடக்கே வெள்ளை, மேற்கே கறுப்பு, தெற்கே மஞ்சள், நடுவில் பச்சை. இது அழகுக்காகப் போட்ட வர்ணம் இல்லை. மாயர்கள் பழங்காலம் முதல் திசைகளுக்கு வகுத்த நிறங்கள் இவை. அவர்கள் விளைவிக்கும் மக்காச்சோளத்திலும் இந்த நாலு நிறமும் உண்டு! நடுவில் இருக்கும் பச்சை, பூமியையும் வானத்தையும் இணைக்கும் புனித மரமான 'சேய்பா'வைக் குறிக்கிறது. எந்த மரம் என்று விசாரித்தால், வேறொன்றும் இல்லை, நம் தலையணைக்குப் பஞ்சு தரும் இலவ மரம்தான்!

சடங்கை நடத்தியவர் 'ஹ்மென்' எனப்படும் கிராமத்துப் பெரியவர். வெள்ளை வேட்டி மாதிரி ஏதோ கட்டியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சராய், ரப்பர் செருப்பு, அவ்வளவுதான். செருப்பையும் வட்டத்துக்கு வெளியே கழற்றிவிட்டார். மண் சட்டியில் 'கோப்பால்' என்ற மரப்பிசினைப் போட்டதும் நம் சாம்பிராணியைப் போலக் குப்பென்று புகை! ஒரு திசை விடாமல் சங்கு ஊதினார். மணமக்களைத் தழைக்கொத்தால் தலை முதல் கால் வரை வருடி, தண்ணீர் தெளித்தார். பிறகு கொக்கோ பானத்தை ஒருவருக்கு ஒருவர் ஊட்டச் செய்தார். ஒரு காலத்தில் இந்த மண்ணில் கொக்கோக் கொட்டைதான் காசு என்றால் நம்புவீர்களா?

நடுவில் ஒரு சங்கடம். வெயில் நன்றாக விழும் பக்கம் திரும்பி இன்னொரு தரம் சங்கு ஊதச் சொன்னார் போட்டோக்காரர். பெரியவர் தலையை அசைத்து மறுத்தார். மொழிபெயர்க்க நின்றிருந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "கூப்பிட்டாச்சு, அவங்க வந்துட்டாங்க. மறுபடியும் கூப்பிட்டா எதுக்குன்னு கேப்பாங்க, என்கிறார்." யாரும் பேசவில்லை. மணப்பெண்தான், "படம் வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்றாள். வேடிக்கை பார்க்க வந்த எனக்கு அந்த நிமிஷம் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

அடுப்படியில் கேட்ட கதை

விருந்து நேரத்தில் எனக்கு வழக்கம் போல அடுப்படி ஞாபகம்தான். 'தோர்த்தியா' என்ற மக்காச்சோள ரொட்டியை ஓர் அம்மாள் கையாலேயே தட்டிக்கொண்டிருந்தார். சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவைத்து, கழுவி அரைக்கிறார்கள். சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். சோளத்தில் இருக்கும் நியாசின் என்ற பி வைட்டமின் நம் உடம்பில் சேர வழி செய்வதே அந்தச் சுண்ணாம்புதான். சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இந்தப் பக்குவத்தைக் கற்காமல் விட்ட இத்தாலியிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் ஏழை ஜனங்கள் 'பெல்லக்ரா' என்ற நோயால் மாண்டார்கள். பாட்டிமார் கைப்பக்குவம் எத்தனை உயிர் காத்திருக்கிறது, பாருங்கள்!

மொழிபெயர்த்த பெண் இந்த அம்மாளின் மகளாம். அவளை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தேன். "உங்கள் கல்யாணமும் இப்படித்தான் நடந்ததா?" என்று அம்மாளைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"இல்லவே இல்லை! எங்க ஊர்ல முதல்ல ரிஜிஸ்தர், அப்புறம் சர்ச். பூத்தையல் போட்ட 'தெர்னோ' உடுத்திக்கிட்டேன். அதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரொட்டியும் சாக்லேட்டும் எடுத்துக்கிட்டு எத்தனை நடை நடந்தாங்க தெரியுமா? எங்க அப்பா லேசுல சரின்னு சொல்லலை."

பெண் வீட்டார் வாங்கிக்கொள்ள, பிள்ளை வீட்டார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்! வரதட்சணைக் கணக்கில் மாளும் நம்மவர்கள் இதைக் காதில் போட்டுக்கொண்டால் தேவலை. அந்தக் காலத்திலோ மாப்பிள்ளை மாமனார் வீட்டில் ஐந்தாறு வருஷம் உழைக்க வேண்டியிருந்ததாம். இதை எழுதிவைத்தவர் 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியப் பாதிரியார் தியேகோ தெ லாந்தா. வேடிக்கை என்னவென்றால், 1562-ல் மானி என்ற ஊரில் மாயர்களின் ஏடுகளைக் கொளுத்தியவரும் அவரேதான். இன்று எஞ்சியிருப்பவை நாலே நாலு ஏடுகள். பழைய மணச் சடங்கை அப்படியே எடுத்து நடத்தப் புத்தகம் எங்கே இருக்கிறது? மழை வேண்டும் பூஜை, வயல் பூஜை, குழந்தையை முதன்முதலாக இடுப்பில் வைக்கும் 'ஹெட்ஸ்மெக்' என்று கிராமங்களில் உயிரோடு இருக்கும் சடங்குகளின் புகையையும் மந்திரத்தையும் சேர்த்துத்தான், வெளியூர் ஜோடிகளுக்காக இந்தக் கல்யாணத்தைக் கோத்திருக்கிறார்கள்.

"அப்படியானால் இது பொய்க் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மாள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "இவ பன்னிரண்டு வயசுல வீட்டுல மாயா பாஷை பேசறதையே நிறுத்திட்டா. பள்ளிக்கூடத்துல சிரிச்சாங்களாம். எங்க அம்மா கேட்டா ஸ்பானிஷ்லதான் பதில் சொல்லுவா. கிழவி அழும். இந்த வேலை வந்த பிறகு அவகிட்டயே உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையா திரும்பக் கத்துக்கிட்டா. எங்களுக்கு வெட்கமா இருந்த பாஷைக்கு வெளியூர்க்காரங்க காசு கொடுக்கறாங்க. சந்தோஷப்படறதா, வருத்தப்படறதான்னு எனக்குத் தெரியலை. ஆனா கிழவி இப்ப அழறதில்லை."

மகள் இதை மொழிபெயர்க்கும்போது குரல் கம்மியது. 2020 கணக்குப்படி மெக்ஸிகோவில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த மொழி பேசுகிறார்கள். ஆனாலும் ஒரு வீட்டில் ஒரு பாட்டியோடு பேச்சு நின்றுபோனால், அந்த வீட்டுக்கு அது செத்த பாஷைதானே!

நீங்கள் போவதானால்...

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இப்படிக் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டால் சில விஷயங்களை மனதில் வையுங்கள். மெக்ஸிகோ சட்டப்படி ரிஜிஸ்தர் கல்யாணம்தான் செல்லும். இந்தச் சடங்குக்கோ சர்ச் மணத்துக்கோ சட்ட மதிப்பு கிடையாது. அதனால் வெளியூர் ஜோடிகளில் பலர் சொந்த ஊரில் பதிவு செய்துகொண்டே வருகிறார்கள். சடங்கு நடத்துபவர் உண்மையிலேயே கிராமத்துப் பெரியவரா, கூலி அவர் கைக்கே போகிறதா என்று விசாரியுங்கள். செனோட்டேயில் இறங்குமுன் குளித்துவிட வேண்டும். வெயில் கிரீம் பூசிக்கொண்டு இறங்கவே கூடாது. ஊருக்கே குடிநீர் அது. சடங்கு நடக்கும்போது போனைப் பைக்குள் வைத்துவிடுவது நல்லது.

விடைபெறும்போது அந்தப் பெண்ணிடம், "கல்யாணத்துக்கு உங்கள் பாஷையில் என்ன சொல்லுவீர்கள்?" என்று கேட்டேன். "ட்ஸோகோல் பேல்" என்றாள். 'பேல்' என்றால் பாதை. முழுச் சொல்லுக்குப் பாதை நிறைவது என்று அர்த்தமாம். ஒருவரை ஒருவர் சந்தித்தால் நலம் விசாரிப்பதும் "பிஷ் அ பேல்", அதாவது "உன் பாதை எப்படி இருக்கிறது?" என்றுதான். சொல்லிவிட்டு, அடுப்படிப் பக்கம் திரும்பி அம்மாவிடம் மாயா மொழியிலேயே ஏதோ கேட்டாள். ரொட்டி தட்டிக்கொண்டே அந்த அம்மாளும் அதே பாஷையில் பதில் சொன்னார்.