ரயில் வராத ஊரிலிருந்து

நெடுஞ்சாலையை அகலப்படுத்துவது பற்றிப் பேச்சு வந்தாலே எங்கள் ஊரான யோங் பெங் கடைகளில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. செடெனாக்கிலிருந்து சிம்பாங் ரெங்கம் வரை ஆறு தடமாக்க 2024 பட்ஜெட்டில் 931 மில்லியன் ரிங்கிட் என்று அறிவித்தார்கள். பெருநாள் நெரிசலில் மாட்டியவர்கள் யாரும் அது வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் சாலை வேலை என்றால் தாரும் கல்லும் மட்டுமில்லை. மின்கம்பத்தை நகர்த்த வேண்டும், தண்ணீர்க் குழாயை மாற்றிப் புதைக்க வேண்டும், தொலைபேசிக் கேபிளைத் தோண்டி எடுக்க வேண்டும். பழைய குழாய் எங்கே போகிறது என்பது பல இடங்களில் மண்ணைத் தோண்டும்போதுதான் தெரியவரும். செலவும் நாளும் ஏறுவது அங்கேதான். கட்டணமாகவோ வரியாகவோ அதைக் கடைசியில் நாம்தான் கட்டுகிறோம். அந்தக் கணக்கை வேலை தொடங்கும் முன்பே மக்கள் முன் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டாத திட்டத்துக்கும் செலவு உண்டு. பத்து பகாட்டில் நிற்கும் என்று சொன்ன கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் கைவிடப்பட்டபோது, 2021இல் மலேசியா சிங்கப்பூருக்குக் கொடுத்த இழப்பீடு 10 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கும் மேல்.

ஓடுகிற ரயிலும் நமக்கு எட்டவில்லை. இடிஎஸ் என்னும் மின்சார ரயில் 2025 டிசம்பரில் ஜொகூர் பாரு வரை வந்துவிட்டது. தண்டவாளம் லாபிஸ், பாலோ, குளுவாங் வழியாகப் போகிறது. நம் ஊரைத் தொடவில்லை. கார் ஓட்டாத முதியவர்களும் மாணவர்களும் குளுவாங் நிலையத்துக்கு எப்படிப் போவார்கள்? ரயில் நேரத்துக்குப் பொருந்திவரும் ஒரு பேருந்து போதும். மில்லியன் கணக்கில் பணம் ஒதுக்குகிறவர்களிடம் நான் கேட்பது அதைத்தான்.