பலேர்மோவிலிருந்து மூன்று ஞாயிறுகள்

எனது அக்கா இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோ நகரில் இருபது வருடங்களாக வாழ்கிறாள். வயதான ஓர் அம்மாவைப் பராமரிப்பதுதான் அவளது வேலை. வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டுமே விடுமுறை. ஆகவே நான் அங்கு நின்ற நாட்களில் எமக்குச் சேர்ந்து கிடைத்தவை மூன்று ஞாயிறுகள். "நீ வந்தபடியால்தான் நானும் இடம் பார்க்கப் போறன்" என்றாள்.

அரேபியரும் நோர்மானியரும் ஆண்ட பழைய நகரம் அது. அரண்மனைகளை விட எனக்கு மனதில் நிற்பது பல்லாரோ சந்தையில் காதில் விழுந்த யாழ்ப்பாணத் தமிழ்தான். முதல் ஞாயிறு நகரின் ஓரத்திலுள்ள பெல்லெக்ரினோ மலைக்கு ஏறினோம். அங்கே சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக் கோயில் இருக்கிறது. 1624 இல் கொள்ளைநோய் பரவியபோது கண்டெடுக்கப்பட்ட அவரது எலும்புகளே நகரைக் காத்தன என்று அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். சைவர், கத்தோலிக்கர் என்ற பேதமில்லாமல் எம்மவர்களும் இந்த மலைக்கு ஏறுகிறார்கள். விசா கிடைக்க வேண்டுமென்று அக்கா நேர்த்தி வைத்ததும் இங்குதான்.

அடுத்த ஞாயிறு ரயிலில் கிழக்கே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பயணம் செய்து செபலூ என்ற கடற்கரை ஊருக்குப் போனோம். 1131 இல் கட்டத் தொடங்கிய தேவாலயத்தைப் பார்க்கவே எல்லோரும் அங்கு வருகிறார்கள். எங்களுக்குப் பிடித்ததோ பழைய சலவைத் துறை. படிகளில் இறங்கினால் கற்தொட்டிகளும் துணி தேய்க்கும் கற்களும் உள்ளன. சிங்க முகங்களின் வாயிலிருந்து குளிர்ந்த தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருக்கிறது. "இதில நிண்டு தோய்ச்ச பெண்டுகள் எவ்வளவு கதை கதைச்சிருப்பினம்" என்றாள் அக்கா. எனக்கும் கிணற்றடி ஞாபகம்தான் வந்தது.

மூன்றாவது ஞாயிறைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். அத்தானின் காரில் மேற்கே புறப்பட்டோம். வழியில் பார்த்தினிக்கோ என்ற ஊர் வருகிறது. டனிலோ டொல்சி என்ற சமூக சேவையாளர் ஏழைகளோடு வாழ்ந்து பணியாற்றிய இடம் அது. 1970 மார்ச்சில் அங்கிருந்து அனுமதியில்லாத வானொலி ஒன்றை அவர் நடத்தினார். பூகம்பத்தில் வீடிழந்து இரண்டு வருடங்களாகியும் கொட்டகைகளில் கிடந்த மக்களின் குரல் அதில் ஒலித்தது. ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பொலிசார் அதை மூடிவிட்டார்கள். சமூகவியல் படித்த காலத்தில் எனக்கு இவரைப் பற்றி எவரும் சொல்லித் தரவில்லை.

அதற்கு அப்பால் அல்காமோ. இங்கே 1965 டிசம்பரில் பிராங்கா வியோலா என்ற பதினேழு வயதுப் பெண்ணை ஒருவன் கடத்திச் சென்று வல்லுறவுக்கு உட்படுத்தினான். குற்றவாளி அந்தப் பெண்ணையே மணந்துகொண்டால் தண்டனையில்லை என்பது அப்போதைய சட்டம். மணந்தால்தான் அவளுக்கு மானம் என்பது ஊர் வழக்கம். அவள் மறுத்துவிட்டாள், தகப்பனும் அவளுடன் நின்றார். அவன் சிறைக்குப் போனான். அந்தச் சட்டப்பிரிவு நீங்கியது 1981 இல்தான். "அவனுக்கே கட்டி வையுங்கோ" என்று பெரியவர்கள் கூடிப் பேசுவதை நான் என் வேலையில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

எங்கள் பயணம் ஜிபெல்லினாவுக்கு. 1968 ஜனவரி 14 ஆம் திகதியும் மறுநாள் அதிகாலையும் பெலிச்சே பள்ளத்தாக்கு குலுங்கியது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் வீடிழந்தார்கள். ஜிபெல்லினா முழுவதும் தரைமட்டமானது. மக்கள் பத்து வருடத்துக்கும் மேலாகத் தற்காலிகக் கொட்டகைகளில் இருந்தார்கள். பின்னர் ஏறக்குறைய 20 கிலோமீற்றருக்கு அப்பால் புதிய ஊர் கட்டிக் கொடுக்கப்பட்டது. பெரிய கலைஞர்களெல்லாம் வந்து சிற்பங்கள் செய்தார்கள். ஊர் வாசலில் 26 மீற்றர் உயரத்தில் உருக்கினாலான ஒரு நட்சத்திரம் நிற்கிறது.

வீதிகள் மிக அகலமாக இருந்தன, ஆனால் ஆட்களைக் காணவில்லை. ஒரு வாங்கிலில் இருந்த வயதான பெண்ணுடன் அக்கா பேச்சுக் கொடுத்தாள். "வீடு நல்ல வீடு. பழைய ஊரில் வாசலில் கதிரையைப் போட்டால் எதிர் வாசல்காரியின் முகம் தெரியும். இங்கே கூப்பிட்டாலும் கேளாது" என்றாராம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வன்னியில் மீள்குடியேற்றக் காலத்தில் ஒரு வீட்டுத்திட்டத்துக்காகப் பெண்களிடம் கையெழுத்து வாங்கியவள் நான். குசினி எந்தப் பக்கம் வேண்டும், யாருக்குப் பக்கத்தில் இருக்க விருப்பம் என்று கேட்பதற்குப் படிவத்தில் இடமிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. முகாமில் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்ட இரண்டு விதவைச் சகோதரிகளுக்கு ஊரின் இரண்டு அந்தத்தில் வீடு விழுந்தது. அதில் ஒருத்தி என்னிடம் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. இரவில் மட்டும் அந்த வீட்டில் படுப்பதில்லை என்று பிறகு அறிந்தேன்.

பின்னேரம் பழைய ஜிபெல்லினாவுக்குப் போனோம். அல்பேர்த்தோ புர்ரி என்ற கலைஞர் இடிபாடுகளைச் சேர்த்து வெள்ளைச் சீமெந்தால் மூடியிருக்கிறார். 1980களில் தொடங்கி இடையில் நின்ற வேலை 2015 இல் முடிந்தது. ஏறக்குறைய 20 ஏக்கர் பரப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் வெள்ளைப் போர்வை விரித்தது போலிருக்கிறது. கிட்டப் போனால் சீமெந்துப் பாளங்கள் எங்கள் கண்மட்டத்துக்கு நிற்கின்றன. இடையில் வெடிப்புகள் போல் நடைபாதைகள். பழைய தெருக்களின் போக்கை அவை ஓரளவுக்குத் தழுவிச் செல்கின்றன. இது வீண் செலவு, அந்தக் காசில் வீடு கட்டியிருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. போகும்போது நானும் அந்தக் கட்சிதான்.

அக்கா ஒன்றும் பேசாமல் முன்னால் நடந்தாள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து நாம் ஓடியபோது எனக்கு இரண்டு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. 2017 இல் காணி விடுபட்டபோது வீடில்லை, வேலியில்லை, ஒழுங்கையுமில்லை, ஒரே பற்றை. கிணற்றை வைத்துத்தான் அம்மா எங்கள் வளவைக் கண்டுபிடித்தார். அதை அக்கா போனில் படமாகத்தான் பார்த்திருக்கிறாள்.

ஒரு மூலையில் நின்று அம்மாவுக்கு வைபர் எடுத்தாள்.

"அம்மா, எங்கட ஒழுங்கை எவ்வளவு அகலம்?"

"ஏனடி இப்ப கேக்கிறாய்? ரெண்டு சைக்கிள் விலத்தலாம். மாட்டு வண்டில் வந்தா நாங்கள் வேலியோட ஒட்ட வேணும்."

அக்கா போனை என்னிடம் தந்துவிட்டுக் கைகளை இரு பக்கமும் விரித்துப் பார்த்தாள். சுவர்கள் விரல் நுனிக்கு எட்டவில்லை.

"இதைவிடக் கொஞ்சம் சின்னன்" என்றாள்.