ராணியின் செருப்புப் பணம்

தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவில் எனக்கு ஒத்துவராதது ஒன்றே ஒன்று, நன்றியுரை. ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 பவனி வரை ஓடியாடியவர்களை எல்லாம் ஒலிபெருக்கியில் இரண்டு நிமிடத்தில் கழித்துவிடுவார்கள். காவல்துறை, மாநகராட்சி, மின்வாரியம், உபயதாரர்கள் என்று எல்லாருக்கும் தனித்தனி வரி உண்டு. பூ கட்டியவர்களும் பீடத் துணி துவைத்தவர்களும் கடைசி வரியில் 'நல்லுள்ளங்கள்' ஆகிவிடுவார்கள்.

இந்தக் கரையில் நன்றியை வாயால் முடித்துக்கொள்ளாதவர் ஒருவர் இருந்தார். 1542இல் வந்த மறைபோதகர் சவேரியார். அவர் வருவதற்கு ஐந்தாறு வருஷம் முன்பே பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஜெபம் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. சவேரியாருக்கோ தமிழ் வராது. அவர் மொழியும் தமிழும் தெரிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டிவைத்து மந்திரங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துக்கொண்டு போனார். நோயாளிகள் வீட்டிலிருந்து அழைப்புகள் குவிந்தபோது சிறுவர்களின் கையில் ஜெபமாலையைக் கொடுத்து அனுப்பினாராம். 1544 ஜனவரிக் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். அதே பையன்கள் வீட்டுச் சிலைகளை உடைத்ததையும் அதே மகிழ்ச்சியோடு எழுதுகிறார். அந்த இடத்தில் நான் அவரோடு சேர்ந்து மகிழ்வதில்லை.

அவர் அடுத்த ஊருக்குப் போனபின் கோயிலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே? ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை வைத்தார். ஜெபம் சொல்லிக்கொடுப்பது, அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அவர்களுக்குச் சம்பளம்? அங்கேதான் வருகிறது ராணியின் செருப்பு.

முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரையின் வருமானத்தில் ஒரு பகுதி போர்த்துகல் அரசி கத்தரீனாளின் செருப்புச் செலவுக்கென்று ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டிருந்தது. நம் ரப்பர் செருப்பை நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்து ஐபீரியச் சீமாட்டிகள் போட்டுக்கொண்டது, அடியில் தக்கையை அடுக்கி உயர்த்திய பாதணி. தரையின் சேறும் தூசும் தொடாமல் நாலு விரற்கடை மேலேயே நடக்கலாம். இந்தப் பக்கம் முத்துக்குளிப்பவனோ, கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்கு அடியில் இறங்குகிறான். இங்கே காலைக் கீழே இழுக்கக் கல். அங்கே காலை மேலே தூக்கத் தக்கை. ஒரே காசு இரண்டுக்கும் நடுவே கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் காசைக் கணக்கப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்லிக் கேட்டார் சவேரியார். மோட்சத்துக்கு ஏறிப்போக இந்தக் கரையின் பிள்ளைகளைவிட நல்ல பாதணி அரசிக்குக் கிடைக்காது என்று எழுதியதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அரசியும் சம்மதித்தார். ஆக, இந்தக் கரையின் முதல் உபதேசியார்கள் ஒரு ராணியின் செருப்பில் சாப்பிட்டவர்கள். நான் கேள்விப்பட்ட நன்றிக் கதைகளில் இதற்கு இணை இல்லை.

1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். பால்தேயுஸ் என்ற அவர்களுடைய போதகர் பரதவரைத் தம் சபைக்கு இழுக்கப் பார்த்து ஏமாந்தார். குருக்கள் மறைவாக வந்துபோனார்கள்தான். ஆனால் அவர்கள் வராத நாள்களில் பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்ததும் சாகக் கிடந்தவர் தலைமாட்டில் நின்றதும் யாராக இருக்கும்? செருப்புப் பணம் நின்றபிறகும் வேலை நிற்கவில்லை.

இன்றும் நிற்கவில்லை. ஆறு நாள் வேறெங்கோ உழைத்துவிட்டு ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பில் மல்லுக்கட்டும் டீச்சர், வின்சென்ட் தே பவுல் சபையில் வாரம் தவறாமல் ஏழை வீடுகளுக்குப் போய்வரும் பெரியவர், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு வீடு வீடாகச் சொல்லிவரும் அக்கா. இவர்களைப் புனிதர்களாக்கவும் நான் தயாரில்லை. கோயில் அலமாரிச் சாவி ஒருவர் கைக்குப் போனால் லேசில் திரும்பாது. பாடகர் குழுவில் காணிக்கைப் பாட்டை யார் பாடுவது என்ற வழக்கு, பங்குச்சாமிகள் மூன்று பேர் மாறினாலும் தீராது. போகட்டும். சண்டை போட்டுக்கொண்டாவது அடுத்த ஞாயிறு வந்து நிற்கிறார்களே!

இவர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் போனால் கோபித்துக்கொள்வார்கள். பொன்னாடை போர்த்தலாம், ஆடி வெயிலில் அது யாருக்கு ஆகும்? நன்றி சொல்பவரிடம் ஏதாவது குறைந்தால்தான் என் கணக்கில் அது நன்றி. அரசிக்குச் செருப்புப் பணம் குறைந்தது. நமக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமாவது குறையட்டும். மறைக்கல்வி டீச்சரை மனதாரப் பாராட்டுகிறவர்கள், வருகிற ஜூனில் ஆறாம் வகுப்புப் பையன்களைப் பொறுப்பேற்றுக்கொள்ளலாம். அரசி கொடுத்ததைவிட அது பெரிய காணிக்கைதான். அந்தப் பையன்களை எனக்குத் தெரியும்.