சூரை மீனும் அம்மாவின் சீனி வருத்தமும்

எமது இல்லம் கிளிநொச்சியில். மீன் வருவதோ முல்லைத்தீவுக் கடலிலிருந்து. இடையே 50 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதி. சித்திரை வெயிலில் அத்தொலைவைக் கடந்து, மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியில் வந்த சூரை மீனை ஒருநாள் நண்பகலில் வாங்கினோம். பெட்டியில் பனிக்கட்டி இருந்ததா என்று கேட்டோமில்லை. மீன் நாறவில்லை, அதுவே போதுமென்றிருந்தோம்.

உண்ணும்போதே, நா எரிகிறது என்றார் அம்மா. மிளகைக் கூட்டிவிட்டாயென்று அக்காவைக் கடிந்துகொண்டோம். அரைமணி நேரத்துக்குள் அம்மாவின் முகம் செவ்வரத்தம் பூவாகச் சிவந்தது, நெஞ்சு படபடத்தது, வியர்த்துக் கை நடுங்கிற்று. நெடுநாளாக நீரிழிவுள்ளவர். "ஐயோ, சீனி இறங்கிவிட்டது!" என்று அக்கா கூவ, சீனியைக் கரைத்து இரண்டு குவளை பருக்கினோம். சோதிக்கும் கருவி அலுமாரியிலேயே இருந்தது. அதனை எடுக்க எமக்குத் தோன்றிய வேளையில் அது 290 என்று காட்டியது!

வைத்தியர் முகத்தைப் பார்த்தவுடன், "என்ன மீன் அம்மா சாப்பிட்டீர்கள்?" என்றார். சீனி தாழ்ந்தால் முகம் வெளிறுமேயன்றி இவ்வாறு சிவவாதாம். சூரை, கும்பளா போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. குளிரின்றிக் கிடந்தால் பற்றீரியாக்கள் அதனை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். பின்னர் எவ்வளவு கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும் அது அழியாது. (ஹிஸ்டமின் என்பதும் ஒரு மீன்தான் என்றே அம்மா அன்று எண்ணியிருந்தார்.) 1910-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஹென்றி டேலும் லெயிட்லோவும் இப்பொருளின் செயலை ஆராய்ந்து வெளியிட்டனர். இது இரத்தக் குழாய்களை விரியச் செய்யும். அதனால் இரத்த அழுத்தம் தாழும். அதனைத் தாங்குவதற்காகச் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைப் பொழியும். அட்ரினலினோ ஈரலில் சேமித்துள்ள சர்க்கரையை இரத்தத்தில் இறக்கி, இன்சுலின் சுரப்பையும் தடுக்கும். நலமுள்ள உடல் அதனை விரைவிற் சரிசெய்துகொள்ளும். நீரிழிவுள்ள உடலுக்கு அது எளிதன்று.

ஆயினும், அன்றைய 290-இல் மீனின் பங்கைவிட எமது சீனித் தண்ணீரின் பங்கே பெரிதாயிருக்கும் என்று வைத்தியர் முறுவலித்தார். கருவி இல்லாவிடத்து, நினைவு தெளிவாயுள்ளவருக்குச் சீனி கொடுத்தது பிழையன்று. சீனித் தாழ்வு விரைவில் உயிருக்கே ஆபத்தாகும். எமக்கோ கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

ஹிஸ்டமினுக்கு எதிரான மாத்திரையில் மாலைக்குள் சிவப்பு அடங்கிற்று. சர்க்கரை இறங்க மறுநாளாயிற்று. இப்பொழுது மீன்காரர் படலையில் ஒலியெழுப்பினால், அம்மா மீனைப் பார்க்குமுன் பெட்டிக்குள் கையைவிட்டுப் பார்க்கிறார். கை குளிராவிட்டால் அன்று எமக்குப் பருப்புக் கறிதான்.