வாசலில் வைத்த விலை

தண்ணீருக்கு விலை உண்டா என்னும் வினாவை மதரஸாவின் பாயில் அமர்ந்து முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்கு விளக்கி வந்திருக்கிறோம். ஆற்றிலும் ஊற்றிலும் ஓடும் நீர் அனைவர்க்கும் பொது. அதனையே ஒருவர் உழைத்து முகந்து தம் குடத்தில் நிரப்பிவிட்டால் அது அவருக்கு உரியது, விற்கவும் செய்யலாம். பாடம் எளிது. ஆனால், சென்ற கோடையில் அவ்வினா நம் வாசலுக்கே வந்து நின்றபோது, படித்த பாடம் உடனே நினைவுக்கு வரவில்லை.

நாம் இப்போது வசிப்பது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில். மகனுக்குத் தொழிற்சாலையில் வேலை. அவனோடு வந்து சேர்ந்தோம். ஏரிநீரில் நெல் விளைந்த சீமை இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. வல்லம் வடகாலில் தொழிலாளர் தங்குவதற்கு 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இத்தனை மக்கள் வந்து சேர்ந்த இடத்தில், வேலை முடிந்தபின் உடலையும் மனத்தையும் ஆற்றிக்கொள்ள இடங்கள் மிகச் சிலவே.

நம் குடியிருப்பில் ஒரு நீச்சற்குளம் உண்டு. பன்னிரண்டு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம். சராசரி ஆழம் 1.2 மீட்டர். ஏறத்தாழ 86,000 லிட்டர் கொள்ளும். அதாவது 12,000 லிட்டர் லாரிகள் ஏழுக்கு மேல் வந்தாக வேண்டும். செலவைச் சமாளிக்க, அக்கம்பக்கத்தாரையும் கட்டணம் பெற்று அனுமதிக்கலாம் எனச் சங்கத்தார் முடிவு செய்தனர். கட்டணம் குறிக்கும் குழுவில் நம்மையும் சேர்த்தனர். “பாய், நீங்கள் பெரியவர், நியாயம் சொல்லுங்கள்” என்றார் செயலாளர்.

காவலர் சம்பளம், குளோரின், வடிகட்டும் மோட்டாருக்கான மின்சாரம் எனக் கணக்கு வாசிக்கப்பட்டது. ஆளுக்கு மணிக்கு நூறு ரூபாய் என்றார் ஒருவர். அதிகமில்லையா என்றார் மற்றொருவர். “குறைத்து வைத்தால் யார் யாரோ வந்துவிடுவார்கள்” என்று மூன்றாமவர் சொன்னார். எவரும் மறுத்துப் பேசவில்லை. நியாயம் சொல்ல அழைக்கப்பட்ட நாமும் பேசவில்லை; தலையசைத்துக் கையொப்பமிட்டு எழுந்து வந்தோம்.

இரண்டொரு நாள் கழித்து, வாயிற்காவலரின் மகன், பத்து வயதிருக்கும், கம்பிவேலியைப் பிடித்தபடி குளத்தையே பார்த்து நின்றான்.

“தாத்தா, நூறு ரூபா குடுத்தா எவ்ளோ நேரம் விடுவாங்க?”

“ஒரு மணி நேரம், தம்பி.”

“அப்போ அஞ்சு நிமிஷத்துக்கு எவ்ளோ?”

நமக்கு விடை தெரியவில்லை. அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “நான் ஏரிக்கே போய்க்கிறேன்” என்று ஓடிவிட்டான். மண் அள்ளிய ஏரிகளில் கரையோரமே ஆட்பள்ளம் மறைந்திருக்கும். கோடைதோறும் அத்தகைய பள்ளங்களில் பிள்ளைகள் மூழ்கும் செய்தியை நாம் படிக்கிறோம். அவனுக்கு நீந்தத் தெரியாது.

அன்றிரவு நூல்களைப் புரட்டினோம். சிறுவன் கேட்டது நம் முன்னோர் கேட்ட கேள்விதான். ஹம்மாம் என்னும் பொதுக் குளியலகத்தில் நுழைகிறவர் எவ்வளவு நீர் செலவிடுவார், எவ்வளவு நேரம் தங்குவார் என்பது முன்கூட்டித் தெரியாது. அளவு தெரியாத ஒன்றுக்குக் கூலி பேசுவது பொதுவாகக் கூடாது. ஆயினும் மக்கள் வழக்கத்தை முன்னிட்டு இதனைக் கூடுமென்றே ஹிதாயாவின் ஆசிரியர் மர்கீனானீ (மறைவு 1197) எழுதுகிறார். இமாம் கஸ்ஸாலீ (மறைவு 1111), நுழையுமுன்பே கூலியைக் கொடுத்துவிடுவது ஒழுக்கம் என்கிறார். குளியலகத்தாரின் மனம் அதனால் நிம்மதி பெறும். இமாம் நவவீ (மறைவு 1277) இன்னும் ஒரு படி உள்ளே செல்கிறார்: அந்தக் கூலி எதற்கு? நீருக்கா? அன்று, இடத்துக்கும், வாளிக்கும், உடைகளைக் காக்கும் உழைப்புக்கும் என்பதே அவர் தேர்ந்த முடிவு.

இவர்கள் எவரும், வேண்டாதவரை விலக்கி நிறுத்துவதற்குக் கூலி என்று எழுதவில்லை. நாம் கையொப்பமிட்ட நூறு ரூபாயிலோ, பராமரிப்பின் கூலியோடு அந்த மூன்றாமவரின் அச்சமும் கலந்திருந்தது. நம் மௌனமும் கலந்திருந்தது.

பிற நாட்டாரும் இதனைச் சிந்தித்திருக்கின்றனர். பிரிட்டனில் 1846ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் குளியலகங்களுக்கு வழிசெய்தபோது, உழைப்பாளர்க்குக் குளிர்நீர்க் குளியல் ஒரு பென்னிக்கும் வெந்நீர்க் குளியல் இரண்டு பென்னிக்கும் மேற்படலாகாது என்று உச்சவரம்பு கட்டியது. அடக்கவிலை எவ்வளவு என்பதோடு, யாரால் எவ்வளவு இயலும் என்பதையும் அது நோக்கிற்று.

மறுமாதக் கூட்டத்தில் முதலில் நம் பிழையை ஒப்புக்கொண்டோம். பிறகு கணக்கை எடுத்தோம். மூவர் நீந்தினாலும் முப்பதுபேர் நீந்தினாலும் மோட்டார் ஓடத்தான் வேண்டும். காவலர் நிற்கத்தான் வேண்டும். நூறு ரூபாய்க்கு நாளொன்றுக்கு மூவரே வந்தனர், வரவு முந்நூறு. முப்பது ரூபாயாக்கிப் பதினைவர் வந்தால் நானூற்றைம்பது. விடுதிப் பெண்களுக்குத் தனி நேரமும் பெண் காவலரும் வேண்டும். அதற்கெனக் கூடுதல் கட்டணம் கூடாது. இங்கே வேலை செய்வோரின் பிள்ளைகளுக்கு இலவசம். அப்படியும் துண்டு விழுந்தால், குடியிருப்போர் வெளிப்படையாகப் பகிர்ந்து ஏற்போம்.

வாதம் நெடுநேரம் நடந்தது. முப்பது ரூபாய் ஏற்கப்பட்டது. பெண்களுக்கு வாரம் இரு மாலைகள் ஒதுக்கப்பட்டன. பணியாளர் பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு மணி நேரம் கிடைத்தது. ஒருவர் மனம் நொந்து குழுவிலிருந்து விலகினார். பதினைவரும் ஒவ்வொரு நாளும் வந்துவிடவில்லை; ஆனால் வரவு குறையவுமில்லை.

செய்தியைச் சொல்ல வாயிலுக்கு விரைந்தோம். அங்கே வேறொரு காவலர் நின்றிருந்தார். முன்பிருந்தவரை ஒப்பந்தக்காரர் வேறோர் ஆலைக்கு மாற்றிவிட்டாராம். எங்கென்று அவருக்குத் தெரியவில்லை.

இப்போது காலையில் ஏழெட்டுப் பிள்ளைகள் குளத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கால் உதைக்கப் பழகுகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். அவர்களில் அந்தச் சிறுவன் இல்லை. அவன் இன்று எந்த ஏரிக்கரையில் நிற்கிறானோ! ஒரு மாதம் முன்னரே நாம் வாய்திறந்திருக்கலாம்.