தூசியில் தெரியும் வீடு

கத்திரி வெயிலில் சிபியூவை இடுப்பில் சுமந்துகொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குள் நுழைந்தேன். காய்ச்சல் கண்ட பிள்ளையை டாக்டரிடம் தூக்கிப் போகிறவன் போல இருந்தது. பிள்ளை இவ்வளவு கனக்காது.

என் கம்ப்யூட்டர் காலையில் ஒழுங்காக ஓடும். மதியம் இரண்டு மணிக்கு மேல் போட்டால் இருபது நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். வீட்டருகே ஒரு கடையில் கழற்றிப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போச்சு" என்றார்கள். அங்கே போய் வந்த பிறகு பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

அண்ணா சாலையை ஒட்டிய இந்தச் சந்துகளில் மாடிப்படித் திருப்பம்கூட ஒரு கடைதான். நான் போனதும் அப்படி ஓர் இடம். மேசை ஒன்று, ஆட்கள் மூன்று பேர். ஏசி கிடையாது. இருந்த ஒரே டேபிள் ஃபேனையும், பிரித்துப் போட்டு ஓடவிட்டிருந்த ஒரு மதர்போர்டின் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

மூத்தவர் கேட்ட முதல் கேள்வி: "வீட்ல இத எங்க சார் வச்சிருக்கீங்க?"

கம்ப்யூட்டர் மேசையின் கீழ்த்தட்டில், கதவு போட்ட அறைக்குள். மேலே மனைவி தைத்த துணி உறை வேறு. சிரித்தார். "பொட்டிக்குள்ள பொட்டி. விட்ட சூட்டையே திருப்பி இழுக்குது."

பக்கத் தகட்டைக் கழற்றினார். பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் அலுமினிய மடிப்புகளில் தூசி கம்பளி போல அடைந்திருந்தது. ஒரு துணுக்கைக் கிள்ளி விரலிடையே உருட்டினார், பிசுபிசுத்தது. "பக்கத்துல சாமி ரூமா?" ஆமாம், தினமும் ஊதுவத்தி. மெஸ்ஸில் பில் போடும் கம்ப்யூட்டரில் எண்ணெய்ப் பிசுக்கு வருமாம், தையல் கடை என்றால் நூல் பிசிறு, நாய் வளர்க்கிற வீடு என்றால் சொல்லவே வேண்டாம். ஜோசியர்கள் இவரிடம் பாடம் கேட்கலாம்.

புளோயரை எடுத்த பையனை நிறுத்தி, ஃபேன் இறக்கைக்குள் ஒரு பேனாவைச் செருகச் சொன்னார். புளோயர் காற்றில் ஃபேன் கண்டபடி சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். நான் வீட்டில் அதைச் சுற்றவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"இங்க பாருங்க சார்." ஹீட் சிங்க்கைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று துளைக்குள் இறங்காமல் நின்றது. ஒரு மூலை தூக்கியிருந்தால் பிராசசரின் சூடு மேலே ஏறாது. கழற்றினால், அடியில் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாய் உதிர்ந்தது. இரண்டு உலோகப் பரப்பும் கண்ணுக்கு வழவழப்புதான். ஆனாலும் நுண்ணிய மேடுபள்ளங்களில் காற்று தங்கும். சூட்டைக் கடத்துவதில் காற்று படு சோம்பேறி. அந்த இடைவெளியை அடைக்கத்தான் பேஸ்ட். துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு வைத்தார். "நெறைய அப்புனா நல்லதுன்னு நெனைப்பாங்க. அதுவே தடுப்பாயிடும்." ஊசிகளை எதிரெதிர் மூலையாக அழுத்தினார். நான்கு 'டக்' சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தார்.

பிரிக்கும் முன் பயாஸ் திரையில் 92 டிகிரி காட்டியது. 100-ஐ நெருங்கினால் இந்தப் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் ஏறினால் அணைந்துவிடும். இப்போது 51. இன்னும் குறையாதா என்றேன். "ரூம் காத்தத்தான சார் ஃபேன் ஊதும்? ரூமே நாப்பதுல இருந்தா அது என்ன பண்ணும்?"

மதர்போர்டு? "அதுக்கு ஒண்ணுமில்ல. ஊசி சரியா உக்காரல, அவ்ளோதான்." முந்தைய கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூலி 300 ரூபாய்.

அன்று மாலையே மேசைக் கதவைக் கழற்றி, பின்பலகையையும் அறுத்தெடுத்தேன். துணி உறை இப்போது மிக்சியின் மேல் இருக்கிறது.